சர்வர் மதர்போர்டில் திரை கடைசி, முதலில் பிஎம்சி

கேள்வி: செகண்ட்ஹேண்டில் சூப்பர்மைக்ரோ எச்11எஸ்எஸ்எல்-ஐ போர்டும் ஏஎம்டி எபிக் 7302பி பிராசஸரும் வாங்கினேன். 32 ஜிபி ரேம் நான்கு இருக்கிறது. சாதாரண ஏடிஎக்ஸ் கேபினட்டில் மாட்டி வீட்டிலேயே ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சிஸ்டம்) ஓட்ட வேண்டும். பவர் பட்டனை அழுத்தினால் சில சமயம் ஒன்றுமே நடப்பதில்லை. சில சமயம் ஃபேன்கள் சீறுகின்றன, அடங்குகின்றன, மறுபடி சீறுகின்றன. திரையில் எதுவும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

திரையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் கோளாறே இல்லை. சர்வர் போர்டின் சுபாவமே அப்படித்தான். டெஸ்க்டாப் போர்டு மாட்டிப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். காரணம், உங்கள் மேஜையில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர் அல்ல, இரண்டு.

எபிக் பிராசஸரில் ஓடுவது ஒன்று. இன்னொன்று, அதே போர்டில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஏஸ்பீட் ஏஎஸ்டி2500 என்ற சிப். இதைத்தான் பிஎம்சி (பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர்) என்கிறார்கள். அதற்குத் தனி ஏஆர்எம் பிராசஸர் உண்டு, தனி மெமரி உண்டு, தனி நெட்வொர்க் போர்ட் உண்டு. உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் ஓடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சைப் போட்ட உடனே, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்திலேயே இது எழுந்துவிடும். பவர் பட்டனுக்குக் காத்திருக்காது. ஃபேன் வேகம், வெப்பநிலை, வோல்டேஜ், நிகழ்வுப் பதிவு எல்லாம் இதன் பொறுப்பு. நீங்கள் கேபிள் சொருகிப் பார்க்கும் விஜிஏ படமும் இந்தச் சிப் தருவதுதான்.

அந்தச் சின்ன லினக்ஸ் முழுதாக எழ ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்குள் பவர் பட்டனை அழுத்தினால் போர்டு கண்டுகொள்ளாமல் இருக்கலாம். ‘சில சமயம் ஒன்றுமே நடப்பதில்லை’ என்பதன் காரணம் அநேகமாக இதுதான். பிஎம்சி எழும்வரை ஃபேன்களைக் கட்டுப்படுத்த ஆளில்லை, அதனால் அவை முழு வேகத்தில் சுற்றுவதும் இயல்பு. போர்டில் பிஎம்சி பக்கத்தில் ஒரு பச்சை எல்இடி இருக்கும். அது சீராக விட்டுவிட்டு எரியத் தொடங்கினால் பிஎம்சி தயார் என்று அர்த்தம். அதுவரை பட்டனில் கை வைக்காதீர்கள்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மெஷின் ‘ஆஃப்’ ஆக இருக்கும்போதும் போர்டில் மின்சாரம் இருக்கிறது. ரேமையோ கார்டையோ கழற்றுவதற்கு முன் சுவரில் சுவிட்சை அணைத்து, அந்த எல்இடி முழுதாக அணைந்த பிறகுதான் தொட வேண்டும்.

போர்டை இன்னும் ஆழமாக நோண்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். இரண்டுமே பழைய சரக்கு வாங்குவோர் சிக்கும் இடங்கள்.

முதலாவது, போர்டின் ரிவிஷன். எச்11எஸ்எஸ்எல் போர்டு 2017-ல் வந்த முதல் தலைமுறை எபிக்குக்காக, அதாவது 7001 வரிசைக்காகச் செய்தது. உங்கள் 7302பி 2019 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை, ரோம் என்ற 7002 வரிசை. சாக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான், எஸ்பி3. ஆனால் ரோமுக்கு ரிவிஷன் 2 போர்டு வேண்டும் என்று சூப்பர்மைக்ரோவே சொல்கிறது. பழைய ரிவிஷனில் பயாஸ் சிப் 16 எம்பி, புதியதில் 32 எம்பி. ரிவிஷன் எண் போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். 1-ல் தொடங்கினால் இந்த பிராசஸரோடு அது எழும் என்று எதிர்பார்க்க வேண்டாம், போர்டையோ பிராசஸரையோ மாற்றத்தான் வேண்டும். 2-ல் தொடங்கினாலும் உள்ளே இருக்கும் பயாஸ் பதிப்பு ரோமை அறிந்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிராசஸர் எந்த மெஷினிலிருந்து கழற்றப்பட்டது என்பது. எபிக்கில் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் சர்வரில் பிராசஸரை மாட்டி ஓட்டும்போது, அதற்குள் இருக்கும் ஃப்யூஸ்கள் அந்த நிறுவனத்தின் கையெழுத்துச் சாவியோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடும். அப்புறம் அது வேறு நிறுவனத்தின் போர்டில் எழாது. டெல், லெனோவோ சர்வர்களிலிருந்து வந்த எபிக்குகள் இப்படிப் பூட்டப்பட்டிருப்பது தெரிந்த விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் எந்த அடையாளமும் இருக்காது, திறக்கவும் வழியில்லை. விற்றவரிடம் ‘அன்லாக்டா, எந்த சர்வரிலிருந்து எடுத்தது’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள். என் கணக்கில், பழைய எபிக் வாங்குவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, இதுதான்.

சரி, இனி பிஎம்சி. பிராசஸரும் ரேமும் இல்லாமலேயே பிஎம்சி எழும். அதனால் திரை வராத போர்டைக்கூட நெட்வொர்க் வழியே விசாரிக்கலாம். போர்டின் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மேல் தனியாக நிற்கும் ஈதர்நெட் போர்ட்தான் அதற்கானது. அங்கே கேபிளைச் சொருகி, ரவுட்டர் முகவரி கொடுத்த கருவிகளின் பட்டியலில் (டிஎச்சிபி) புதிதாக என்ன முகவரி வந்திருக்கிறது என்று பார்த்து, பிரௌசரில் திறந்தால் உள்நுழையும் பக்கம் வரும்.

பழைய சூப்பர்மைக்ரோ போர்டுகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே: பெரிய எழுத்தில் அட்மின், அட்மின். இணைய வசதியுள்ள கருவிகள் எல்லாம் ஒரே கடவுச்சொல்லோடு வரக்கூடாது என்ற கலிஃபோர்னியா சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி ஒவ்வொரு போர்டுக்கும் தனிக் கடவுச்சொல் வைத்து, போர்டில் ஸ்டிக்கராக ஒட்டிவிட்டார்கள். இரண்டுமே ஏற்கவில்லை என்றால் பழைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். கவலை வேண்டாம். மெஷின் எழுந்த பிறகு ஒரு லைவ் லினக்ஸ் யுஎஸ்பியில் பூட் செய்து, ஐபிஎம்ஐடூல் என்ற கருவியால் பயனர் எண் 2-க்குப் புதுக் கடவுச்சொல் வைத்துவிடலாம். பழையது கேட்காது. அதே கருவியில் பயனர் பட்டியலையும் பாருங்கள். முன்பிருந்தவர் வைத்த வேறு கணக்குகள் ஒளிந்திருக்கும். இன்னும் நல்லது, சூப்பர்மைக்ரோவின் ஐபிஎம்ஐசிஎஃப்ஜி கருவியால் பிஎம்சியை மொத்தமாக ஃபேக்டரி நிலைக்குத் திருப்பிவிடுவது.

பழையது கேட்காமலே கடவுச்சொல்லை மாற்ற முடிகிறது என்றதும் ஒரு கேள்வி வர வேண்டும். ஆம், ஹோஸ்ட்டில், அதாவது எபிக்கில் ஓடும் முக்கிய மெஷினில், ரூட் அனுமதி (முழு அதிகாரம்) இருப்பவர் பிஎம்சியைக் கைப்பற்றலாம். பிஎம்சி கையில் இருப்பவரோ ஹோஸ்ட்டை அணைக்கலாம், வேறு ஐஎஸ்ஓவில் பூட் செய்யலாம், கீபோர்டைத் தட்டலாம். அதனால்தான் அடுத்து வரும் ஒரு செட்டிங்கை வேறு எதையும் தொடுவதற்கு முன் மாற்றச் சொல்கிறேன்.

பிஎம்சியின் நெட்வொர்க் பக்கத்தில் லேன் இன்டர்ஃபேஸ் என்று ஒரு தேர்வு இருக்கும்: டெடிகேட்டட், ஷேர்டு, ஃபெயில்ஓவர். சூப்பர்மைக்ரோ அனுப்பும்போது ஃபெயில்ஓவரில் இருக்கும். பிஎம்சி எழும் நேரத்தில் தனிப் போர்ட்டில் கேபிள் இல்லையென்றால், அது சத்தமில்லாமல் போர்டின் சாதாரண முதல் லேன் போர்ட்டுக்குத் தாவிவிடும். வீட்டில் என்றால் பாதகமில்லை. அந்த முதல் லேன் நேரே இன்டர்நெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அல்லது ரவுட்டராகவே இந்த மெஷினை ஓட்ட நினைத்து, ஃபைபர் மோடத்தின் கேபிளை அதில் சொருகினால்? உங்கள் பிஎம்சி ஊருக்கே கதவைத் திறந்து வைத்துவிடும். டெடிகேட்டட் என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு தனிப் போர்ட் கேபிளைப் பிடுங்கி, பிஎம்சியை மறுபடி எழுப்பி, முதல் லேனில் அது எட்டிப் பார்க்கிறதா என்றும் சோதியுங்கள்.

இதை மிகைப்படுத்தவில்லை. பிஎம்சியோடு பேசுவதற்கான ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறை 2004-ல் வந்தது. அதன் உள்நுழைவு முறையிலேயே ஓட்டை இருக்கிறது. பயனர் பெயர் சரியாக இருந்தால் போதும், நீங்கள் யார் என்று உறுதிசெய்யும் முன்பே பிஎம்சி கடவுச்சொல்லின் ஹாஷை, அதாவது அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை, கேட்டவருக்குக் கொடுத்துவிடும். அவர் அதை வீட்டில் வைத்து நிதானமாக உடைக்கலாம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-4786 என்ற எண்ணில் பதிவான இது ஒரு நிறுவனத்தின் பிழை அல்ல, நெறிமுறையின் வடிவமே அப்படி. ஃபர்ம்வேர் புதுப்பித்தாலும் போகாது. கடவுச்சொல்லோ அதிகபட்சம் 20 எழுத்துதான். அந்த 20-ஐயும் பயன்படுத்தி அர்த்தமில்லாத எழுத்துகளாக வையுங்கள். யுடிபி 623 போர்ட் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் நெட்வொர்க் வழி ஐபிஎம்ஐயை அணைத்துவிட்டு வெப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்ற நிறுவனங்களின் போர்டுகளும் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். பல பிராண்டுகள் பயன்படுத்தும் ஏஎம்ஐயின் மெகாராக் ஃபர்ம்வேரில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழையும் ஓட்டை 2025 மார்ச்சில் வெளியானது. அபாய மதிப்பீட்டில் அதற்கு 10-க்கு 10. பிஎம்சிக்குத் தனி விலேன் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்), வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன். நேரடியாகப் போர்ட் ஃபார்வர்டு செய்வது வேண்டவே வேண்டாம்.

உள்ளே போனதும் பிஎம்சியின் கடிகாரத்துக்கு, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வர் கொடுங்கள். இல்லாவிட்டால் நிகழ்வுப் பதிவில் பாதி 1970 ஜனவரி 1 என்று விழுந்து, எது எப்போது நடந்தது என்றே புரியாது. போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பழைய போர்டு என்றால் யோசிக்காமல் செய்யும் செலவு அது.

இப்போது திரை வராத விஷயம். ரிவிஷனும் பூட்டும் பிரச்சினை இல்லை என்றால், மிச்சமிருக்கும் முதல் சந்தேகம் பிராசஸர் உட்கார்ந்த விதம்தான்.

எஸ்பி3 சாக்கெட்டில் 4094 தொடர்புகள். எல்லாம் மெல்லிய ஸ்பிரிங் கம்பிகள். பிராசஸரை மேலிருந்து வைக்கிற பழக்கம் இங்கே செல்லாது. மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் மேல் சட்டம் ஸ்பிரிங் விசையில் எழும், அதை விரலால் பிடித்துக்கொண்டே விடுங்கள். அடியில் இருக்கும் இரண்டாவது சட்டத்தை உயர்த்தி, பிராசஸரை அதன் பிளாஸ்டிக் கேரியரோடு சேர்த்து இரு பக்கத் தண்டவாளத்தில் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை தள்ளுங்கள். அப்புறம் சாக்கெட்டின் பாதுகாப்பு மூடியை எடுத்து, சட்டத்தை இறக்குங்கள். கேரியரிலிருந்து பிராசஸரைப் பிரிக்கவே கூடாது.

மேல் சட்டத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில்தான் இறுக்க வேண்டும், கழற்றும்போது 3, 2, 1. டி20 டார்க்ஸ் பிட். விசை 14 இன்ச் பவுண்ட், அதாவது சுமார் 1.6 நியூட்டன் மீட்டர். விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் உத்தமம். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், மூன்றையும் சில சுற்று பிடிக்க வைத்துவிட்டு, அப்புறம் அதே வரிசையில் இறுக்கி முடியுங்கள். இந்த இறுக்கத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் ஒரு மூலையில் குறைந்தால் மெஷின் எழும், ஆனால் நான்கு ரேமில் ஒன்று காணாமல் போகும். அல்லது ஒரு பிசிஐஇ ஸ்லாட் செத்ததுபோல் இருக்கும். அல்லது திரையே வராது. மக்கள் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு நாளைக் கழிப்பார்கள், குற்றவாளி ஸ்க்ரூவாக இருக்கும். ஒரு ரேம் தெரியவில்லை என்றால் முதலில் பிராசஸரைக் கழற்றி, சாக்கெட்டின் கம்பிகளைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி மாட்டுங்கள்.

ரேம். இந்த போர்டுக்கு ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம், அதாவது பிழை திருத்தும் சர்வர் ரேம், வேண்டும். டிடிஆர்4-இல் டெஸ்க்டாப் ரேமும் சர்வர் ரேமும் ஒரே 288 பின், ஒரே பள்ளம். ஸ்லாட்டில் பொருந்தும், வேலை செய்யாது. லேபிளில் வேக எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு, அப்புறம் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஆர் என்றால் ஆர்டிம் (ரெஜிஸ்டர்டு), எல் என்றால் எல்ஆர்டிம் (லோடு ரெட்யூஸ்டு), யு அல்லது இ என்றால் உங்களுக்கு உதவாது. ‘ஆர்’, ‘எல்’ இரண்டையும் கலக்கவும் கூடாது. உங்கள் நான்கையும் எடுத்து இந்த எழுத்தை ஒப்பிடுங்கள்.

7302பிக்கு எட்டு மெமரி சேனல். டிடிஆர்4-3200இல் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி, எட்டும் நிறைந்தால் 204.8. நான்கு போட்டால் சரிபாதி. வீட்டு வேலைக்கு அது தாராளம். ஆனால் எந்த நான்கு ஸ்லாட் என்பது உங்கள் இஷ்டம் அல்ல. மேனுவலில் எத்தனை ரேமுக்கு எந்த ஸ்லாட் என்று அட்டவணை இருக்கிறது, அதன்படி போடுங்கள். முதல் சோதனைக்கு ஒரே ஒரு ரேம், அட்டவணை சொல்லும் அந்த ஒரு ஸ்லாட்டில். வேறு கார்டு, டிஸ்க் எதுவும் வேண்டாம்.

பட்டனை அழுத்திய பிறகு பொறுமை வேண்டும். முதல் தடவை மெமரி ட்ரெயினிங் (ரேமோடு பேசும் நேரக்கணக்கைப் பொருத்திக்கொள்ளும் வேலை) நடக்கும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பிசி எழும் வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை அணைத்து அணைத்துப் போட்டால், ட்ரெயினிங் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். பிஎம்சி வெப் பக்கத்தில் போஸ்ட் ஸ்னூப்பிங் என்று ஒரு பகுதி இருக்கிறது. போர்டு இப்போது எந்தப் படியில் இருக்கிறது என்பதன் குறியீட்டை அது காட்டும். எண் மாறிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. ஒரே எண்ணில் ஐந்து பத்து நிமிடம் நின்றால் சிக்கல். அந்த எண்ணை வைத்துத் தேடினால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

பவர் கேபிள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 24 பின் ஒன்று, பிராசஸருக்கு 8 பின் இரண்டு. இரண்டையும் சொருகுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் பக்கம். பொருந்தாததை அழுத்தித் திணித்தால் போர்டோடு போய்விடும். கேபினட்டில் போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப்களை எண்ணிப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் மிச்சம் நின்றால் பின்பக்கம் ஷார்ட் ஆகும். முன்பக்க பட்டன் கேபிள், ஜேஎஃப்1 என்ற ஹெடரில் (பின் வரிசையில்) போகும். பவர் பட்டனுக்கு 1, 2. ரீசெட்டுக்கு 3, 4.

காற்றோட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டேட்டா சென்டர் ராக்கில் முன்னிருந்து பின்னுக்குப் புயல் மாதிரி காற்று அடிக்கும் என்று நம்பித்தான் இந்த போர்டை வடிவமைத்திருக்கிறார்கள். வோல்டேஜ் ரெகுலேட்டர் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கின் அளவைப் பார்த்தாலே தெரியும். சத்தமில்லாத டவர் கேபினட்டில் வைத்தால் பிராசஸர் 50 டிகிரியில் சுகமாக இருக்கும், ரெகுலேட்டர் அமைதியாக வேகும். த்ரெட்ரிப்பருக்கென்று விற்கும் கூலர்கள் எஸ்பி3-இல் பொருந்தும். ஆனால் இந்த போர்டில் சாக்கெட் 90 டிகிரி திரும்பியிருப்பதால், அவற்றின் காற்று முன்னிருந்து பின்னுக்குப் போகாமல் மேலும் கீழுமாகப் போகும். டவர் கேபினட்டின் மேல்பக்கம் ஃபேன் இருந்தால் அதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். 4யு ராக் கேபினட் என்றால் கூலர் வாங்கும் முன் யோசியுங்கள். எப்படியானாலும் ரெகுலேட்டர் பக்கம் பார்த்து ஒரு ஃபேன் வையுங்கள். பிஎம்சியின் சென்சர் பக்கத்தில் விஆர்எம் (அந்த ரெகுலேட்டரின்) வெப்பநிலை தனி வரியாக வரும், லோடு கொடுத்து அதையும் கவனியுங்கள்.

இனி அந்தச் சீறல். ஃபேன்கள் ஏறி இறங்கி ஏறுவது இந்த போர்டுகளில் மிகப் பிரபலமான புகார், காரணமும் எளிது. ஒவ்வொரு ஃபேனுக்கும் குறைந்தபட்ச வேகம் என்று பிஎம்சி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அது ராக்கில் ஆயிரக்கணக்கான ஆர்பிஎம்மில் சுற்றும் ஃபேன்களை மனதில் வைத்துப் போட்ட வரம்பு. நீங்கள் மாட்டியிருப்பது நாக்டுவா மாதிரி மெதுவான ஃபேனாக இருந்தால், அது 300, 400 ஆர்பிஎம்முக்கு இறங்கும். பிஎம்சி ‘ஃபேன் செத்துவிட்டது’ என்று பதறி, மற்ற எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு ஏற்றும். வேகம் ஏறியதும் ‘உயிர் வந்துவிட்டது’ என்று இறக்கும். மறுபடி வரம்புக்குக் கீழே. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

வரம்பை இறக்குவதுதான் மருந்து. லைவ் லினக்ஸிலிருந்து ஐபிஎம்ஐடூலில் சென்சர் த்ரெஷ் என்ற கட்டளையைக் கொடுத்து, ஃபேனின் பெயர், லோயர் என்ற சொல், அதன் பின் மூன்று எண்கள் தர வேண்டும். 100, 200, 300 என்று கொடுத்தால் பெரும்பாலான மெதுவான ஃபேன்களுக்குப் போதும். பிஎம்சி வேகத்தைப் படிப்படியாகத்தான் அளக்கும் என்பதால் நீங்கள் கொடுத்த எண்ணைப் பக்கத்துப் படிக்கு உருட்டி வைத்துக்கொள்ளும், அது பரவாயில்லை. ஒவ்வொரு ஃபேனுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பிஎம்சி ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது இவை பழைய நிலைக்குப் போய்விடலாம், அதனால் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதி வையுங்கள். வெப் பக்கத்தில் ஃபேன் மோடை ஆப்டிமலில் வையுங்கள். எண் பெயருள்ள ஃபேன் ஹெடர்கள் பிராசஸர் வெப்பத்தைப் பார்த்து ஓடும். ஏ, பி என்று எழுத்துப் பெயருள்ளவை கார்டுகள் பக்கத்துக்கானவை. கூலர் ஃபேனை எழுத்துப் பெயருள்ள ஹெடரில் மாட்டிவிட்டு ‘பிராசஸர் சூடானாலும் ஃபேன் ஏறவில்லை’ என்று குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது பிஎம்சியை முதலில், பயாஸை அப்புறம். பிஎம்சியை வெப் பக்கத்திலேயே செய்யலாம். பயாஸை அதே பக்கத்தில் செய்ய இந்தத் தலைமுறை போர்டுகளில் தனி லைசன்ஸ் கேட்கும். வாங்க வேண்டாம். எஃப்ஏடி32 யுஎஸ்பியில் கோப்புகளைப் போட்டு யூஇஎஃப்ஐ ஷெல்லிலிருந்து செய்துகொள்ளலாம். யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். முடிந்ததும் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸை ஏற்றிவிட்டுத்தான் உங்கள் மாற்றங்களைத் தொடங்க வேண்டும்.

பயாஸில் நூறு தேர்வுகள் இருந்தாலும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு நீங்கள் தொட வேண்டியது கொஞ்சம்தான். விர்ச்சுவல் மெஷின் ஓட்டத் தேவையான எஸ்விஎம் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐஓஎம்எம்யூவை ஆட்டோவிலிருந்து எனேபிள்டுக்கு மாற்றுங்கள், கார்டுகளை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்க அது வேண்டும். கார்டுகளின் பெரிய மெமரி முகவரிகளுக்காக அபவ் 4ஜி டிகோடிங் ஆன், ஒரே கார்டைப் பல விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பகிர எஸ்ஆர்-ஐஓவி ஆன். பூட் மோடை யூஇஎஃப்ஐ மட்டும் என்று வையுங்கள், இரட்டை மோடில் பின்னால் குழப்பம் வரும். பூட் செய்யத் தேவைப்படாத ஸ்லாட்டுகளின் ஆப்ஷன் ரோமை (கார்டின் சொந்த பூட் நிரல், ரோம் பிராசஸர் அல்ல) அணைத்தால், ஏற்கெனவே நீளமான பூட் நேரம் கொஞ்சம் குறையும்.

ஒரே கார்டில் நான்கு என்விஎம்இ போடும் மலிவான அடாப்டர் வாங்கினால், பைஃபர்கேஷன் என்ற தேர்வில் அந்த ஸ்லாட்டின் பாதைகளை நான்கு நான்காகப் பிரியுங்கள். பிரிக்காவிட்டால் முதல் டிஸ்க் மட்டும்தான் தெரியும். ரோம் பிராசஸருக்கு பிசிஐஇ 4.0 இருந்தாலும் இந்த போர்டு 3.0 மட்டுமே தரும். 4.0 வேண்டுமென்றால் எச்12 போர்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அதற்காகச் செலவு செய்வது வீண் என்பது என் கட்சி.

என்பிஎஸ் என்ற நூமா தேர்வை (மெமரியை எத்தனை பகுதியாகப் பிரித்துக் காட்டுவது என்பது) 1-லேயே விடுங்கள். முதல் தலைமுறை எபிக்கில் நான்கு டை (சிலிக்கான் சில்லு), ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த மெமரி, அதனால் நூமா தலைவலி தவிர்க்க முடியாதது. ரோமில் மெமரி கன்ட்ரோலர் முழுக்க நடுவில் இருக்கும் ஐஓ டையில். நான்கு ரேமோடு என்பிஎஸ் 4 போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது என்ற தேர்வை ‘பவர் ஆன்’ என்று வையுங்கள், யுபிஎஸ் இருக்கிறது என்ற நிபந்தனையோடு. யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் வந்து வந்து போகிற இடத்தில் ‘ஸ்டே ஆஃப்’ நல்லது, நிலைமை அடங்கியதும் பிஎம்சி வழியே எழுப்பிக்கொள்ளலாம். வாட்ச்டாக் என்ற தேர்வை டிசேபிள்டிலேயே விடுங்கள். அதை ஆன் செய்துவிட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் அதற்குப் பதில் சொல்லும் சேவையை வைக்காவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் தானாக ரீசெட் ஆகும். அதை எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று நினைத்து எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றியவர்கள் உண்டு.

இன்னொரு சின்ன வசதி: சீரியல் ஓவர் லேன், அதாவது மெஷினின் எழுத்துத் திரையை பிஎம்சி வழியே நெட்வொர்க்கில் பார்ப்பது. பயாஸில் அதற்கான கன்சோல் ரீடைரக்ஷனை ஆன் செய்து, லினக்ஸ் கெர்னலுக்கு இரண்டாவது சீரியல் போர்ட்டை 115200 வேகத்தில் கன்சோலாகச் சொல்லிவிட்டால், நெட்வொர்க் உடைந்த நாளில் பிரௌசரில் திரையைக் காட்டும் கேவிஎம் இல்லாமல் ஒரு டெர்மினலிலிருந்தே உள்ளே போய்விடலாம். கெர்னல் பேனிக் ஆகும்போது கடைசி வரிகளைக் காப்பி செய்யவும் முடியும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவும் முன் ஓர் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட விடுங்கள். பதிப்பு 6 அல்லது அதற்கு மேல் என்றால் யூஇஎஃப்ஐயிலேயே ஓடும். காலையில் திரையில் பிழை இல்லை என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஈசிசி ரேம் சின்னப் பிழைகளைத் தானே திருத்திவிடும், சோதனை நிரலுக்கு அது தெரியாமலேகூடப் போகும். பிஎம்சியின் நிகழ்வுப் பதிவைத் திறந்து கரெக்டபிள் ஈசிசி என்று எந்த ஸ்லாட்டின் பெயராவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் இதே வேலையை லினக்ஸில் ராஸ்டீமன் என்ற சேவை பார்த்துக்கொள்ளும். ஒரு ஸ்லாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ரேமைப் பக்கத்து ஸ்லாட்டில் இருப்பதோடு மாற்றிப் போட்டு இன்னோர் இரவு ஓட்டுங்கள். பிழை ரேமோடு கூடவே நகர்ந்தால் ரேமை விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். ஸ்லாட்டிலேயே தங்கினால் டி20 பிட்டை எடுத்து, 3, 2, 1 என்று கழற்றத் தொடங்குங்கள்.